துருப்பிடிக்காத எஃகில் வெப்பப் பதப்படுத்தல்: வலிமையும் அரிமான எதிர்ப்பும்

ஆய்வுச்சுருக்கம்

துருப்பிடிக்காத எஃகின் அரிமான எதிர்ப்பு அதில் எவ்வளவு குரோமியம் உள்ளது என்பதை மட்டும் பொறுத்ததன்று. அந்தக் குரோமியம் எஃகினுள் எங்கே, எந்நிலையில் உள்ளது என்பதையும் பொறுத்தது. வெப்பப் பதப்படுத்தல் குரோமியத்தின் இவ்விருப்பிடத்தை மாற்றுகிறது. அதனால் வலிமையும் அரிமான எதிர்ப்பும் சில வேளைகளில் ஒருசேர உயர்கின்றன. சில வேளைகளில் ஒன்றை இழந்தே மற்றொன்றைப் பெற முடிகிறது. ஆஸ்டெனைட், மார்ட்டென்சைட், வீழ்படிவுக் கடினமாக்க, டூப்ளெக்ஸ் ஆகிய நான்கு வகை எஃகுகளில் இவ்வுறவு எவ்வாறு அமைகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. வலிமைச் சோதனை மட்டும் வெப்பப் பதப்படுத்தலின் தரத்துக்குச் சான்றாகாது என்பதையும் இது நிறுவ முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: துருப்பிடிக்காத எஃகு, வெப்பப் பதப்படுத்தல், அரிமானம், குரோமியக் கார்பைடு, உணர்வூட்டம், துகள் எல்லை.

1. முன்னுரை

தமிழர் இல்லங்களில் எவர்சில்வர் என்று வழங்கும் பாத்திரம் முதல் வேதியியல் ஆலையின் அமிலக் கலன் வரை துருப்பிடிக்காத எஃகு பயன்படுகிறது. அதன் பெயர், துருப்பிடிக்காமை அந்த உலோகத்தின் மாறாத இயல்பு என்னும் எண்ணத்தைத் தருகிறது. உண்மையில் அது நிபந்தனைக்கு உட்பட்ட இயல்பு. ஒரே வார்ப்பிலிருந்து வந்த, ஒரே வேதியியல் கலப்பு கொண்ட இரு 304 வகைத் தகடுகளை எடுத்துக்கொள்ளலாம். ஒன்றை 1050 °செ (டிகிரி செல்சியஸ்) வெப்பநிலைக்குச் சூடாக்கி நீரில் விரைந்து குளிர்வித்தால், அது அமிலச் சூழலை நெடுங்காலம் தாங்கும். மற்றொன்றை 650 °செ வெப்பநிலையில் ஒரு மணி நேரம் வைத்திருந்தால், அதே அமிலத்தில் அதன் படிகத் துகள்கள் ஒன்றிலிருந்து ஒன்று கழன்று உதிரக்கூடும்.

இவ்விரு தகடுகளையும் அமிலத்தில் இடுவதற்கு முன் இழுவைச் சோதனைக்கு உட்படுத்தினால் பெரிய வேறுபாடு எதுவும் தென்படாது. கண்ணுக்கும் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். வலிமையைச் சில நிமிடங்களில் அளந்துவிடலாம். அரிமான எதிர்ப்பின் இழப்போ கலன் பயன்பாட்டுக்கு வந்து, கசிவு தோன்றிய பிறகே பல நேரங்களில் வெளிப்படுகிறது. எனவே வெப்பப் பதப்படுத்தலின் விளைவை இவ்விரு பண்புகளின் நோக்கிலும் ஒருசேர ஆராய்வது தேவையாகிறது.

2. காப்புப் படலமும் குரோமியமும்

எஃகில் குரோமியத்தின் அளவு ஏறத்தாழ 10.5 விழுக்காட்டை எட்டும்போது, காற்றிலோ நீரிலோ உள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து அதன் மேற்பரப்பில் குரோமியம் மிகுந்த ஆக்சைடு படலம் உருவாகிறது. இதன் தடிமன் சில நானோமீட்டர் மட்டுமே. கீறல் விழுந்தாலும் ஆக்சிஜன் கிடைக்கும் சூழலில் இப்படலம் தானே மீண்டும் உருவாகும். எஃகைக் காப்பது இப்படலமே.

இப்படலம் உருவாவதற்குக் குரோமியம் இரும்பினுள் திண்மக் கரைசலாகக் கரைந்திருக்க வேண்டும். கார்பனுடன் இணைந்து கார்பைடாக மாறிய குரோமியம் படலத்திற்குப் பயன்படுவதில்லை. கார்பனோ குரோமியத்தின்பால் மிகுந்த நாட்டம் உடையது. துருப்பிடிக்காத எஃகில் பெரிதும் காணப்படும் கார்பைடில் 23 உலோக அணுக்களுக்கு 6 கார்பன் அணுக்கள் உள்ளன. அவ்வுலோக அணுக்கள் அனைத்தையும் குரோமியமாகக் கொண்டால், எடைக் கணக்கில் ஒரு பங்கு கார்பன் ஏறத்தாழ 16.6 பங்கு குரோமியத்தைக் கவர்ந்துகொள்ளும். நடைமுறையில் கார்பைடில் இரும்பும் ஓரளவு கலந்திருப்பதால் இது மேல்வரம்பு மதிப்பீடாகும்.

இக்கணக்கை 304 வகை எஃகுக்குப் பொருத்தலாம். அதில் 18 விழுக்காடு குரோமியமும் 0.06 விழுக்காடு கார்பனும் இருப்பதாகக் கொண்டால், கார்பன் முழுவதும் கார்பைடானாலும் 1 விழுக்காடு குரோமியமே செலவாகும். எஞ்சிய 17 விழுக்காடு, தேவையான அளவைவிட மிக அதிகம். அவ்வாறாயின் அரிமானம் ஏன் நேர்கிறது என்னும் வினா எழுகிறது. இழப்பு எஃகு முழுவதும் சீராகப் பரவாமல் ஒரே இடத்தில் குவிவதே அதற்குக் காரணம்.

3. ஆஸ்டெனைட் வகை எஃகு

3.1 உணர்வூட்டம்

குரோமியத்துடன் நிக்கலும் சேர்ந்த 304, 316 ஆகியவை ஆஸ்டெனைட் வகையின் முதன்மையான எஃகுகள். ஏறத்தாழ 1000 °செ வெப்பநிலைக்கு மேல் இவற்றின் கார்பன் திண்மக் கரைசலில் கரைந்திருக்கும். வெப்பநிலை குறையக் குறையக் கரைதிறன் பெரிதும் வீழ்கிறது. 450 முதல் 850 °செ வரையிலான நெடுக்கத்தில் எஃகு தங்கினால், மிகுதியான கார்பன் கரைசலை விட்டு வெளியேறிக் குரோமியக் கார்பைடாக வீழ்படிகிறது.

வீழ்படிவுக்கு ஏற்ற இடம் துகள் எல்லை. இரு படிகத் துகள்கள் சந்திக்கும் அவ்விடத்தில் அணுக்களின் ஒழுங்கு குலைந்திருப்பதால் கார்பைடு எளிதில் கருக்கொள்கிறது. கார்பன் அணு சிறியது. இரும்பு அணுக்களின் இடைவெளியில் புகுந்து விரைவாக நகரும். ஆகவே துகளின் உட்பகுதியிலிருந்தும் கார்பன் எல்லைக்கு வந்து சேர்கிறது. குரோமிய அணு பெரியது; அதன் விரவல் மிக மெதுவானது. எனவே கார்பைடுக்குத் தேவையான குரோமியம் எல்லையை ஒட்டிய மிகக் குறுகிய பகுதியிலிருந்தே எடுக்கப்படுகிறது. துகளின் நடுவில் 18 விழுக்காடு குரோமியம் இருக்க, எல்லையோரப் பகுதியில் அது 12 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. இந்நிலையைப் பொறியியலார் சென்சிட்டைசேஷன் என்பர்; இக்கட்டுரையில் அது உணர்வூட்டம் எனப்படுகிறது. குரோமியக் குறைவே துகளிடை அரிமானத்திற்குக் காரணம் என்னும் இவ்விளக்கத்தை பெய்ன், அபார்ன், ரதர்ஃபோர்டு ஆகியோர் 1933-ஆம் ஆண்டு முன்வைத்தனர்.

அரிமானச் சூழலில் குரோமியம் குறைந்த குறுகிய பகுதி நேர்மின்வாயாகவும், துகளின் பரந்த உட்பகுதி எதிர்மின்வாயாகவும் செயல்படுகின்றன. சிறிய நேர்மின்வாய், பெரிய எதிர்மின்வாய் என்னும் இவ்வமைப்பு அரிப்பைத் துகள் எல்லையில் குவிக்கிறது. உலோகத்தின் எடையில் சிறு பகுதியே கரைந்தாலும், துகள்களைப் பிணைக்கும் பகுதி கரைவதால் பொருள் முழுவதும் பயனற்றுப்போகிறது.

மேற்கூறிய வெப்பநிலை எல்லைகளுக்கும் விரவலே அடிப்படை. 450 °செ வெப்பநிலைக்குக் கீழே குரோமியம் நகர்வது மிக மெதுவாக இருப்பதால் கார்பைடு வளர்வதில்லை. 850 °செ வெப்பநிலைக்கு மேலே குரோமியம் விரைந்து நகர்ந்து எல்லையோரக் குறைவை ஈடுசெய்துவிடுகிறது. இடைப்பட்ட நெடுக்கத்தில்தான் கார்பைடு வளரும் வேகத்துக்குக் குரோமியத்தின் வருகை ஈடுகொடுப்பதில்லை. 0.06 விழுக்காடு கார்பன் உள்ள எஃகில் 700 °செ அளவில் உணர்வூட்டத்திற்குச் சில நிமிடங்களே போதும், கார்பன் 0.03 விழுக்காட்டுக்குக் குறைந்தால் அதற்கு மணிக்கணக்கில் ஆகும்.

3.2 கரைசல் காய்ச்சலும் அதன் விலையும்

உணர்வூட்டத்திற்கு நேரடித் தீர்வு, எஃகை 1010 முதல் 1120 °செ வரை சூடாக்கிக் கார்பைடைக் கரைத்து, பின்னர் நீரிலோ விசைக்காற்றிலோ விரைந்து குளிர்விப்பதாகும். குளிர்விப்பின் நோக்கம் இங்குக் கடினத்தன்மை அன்று. ஆபத்தான நெடுக்கத்தை விரைந்து கடப்பதே. சாதாரணக் கார்பன் எஃகைச் சூடாக்கி நீரில் அமிழ்த்தினால் அது கடினமாகும். ஆஸ்டெனைட் எஃகோ அதே செயலால் மென்மையாகிறது.

இம்மென்மையே கரைசல் காய்ச்சலின் விலை. ஆஸ்டெனைட் எஃகைக் குளிர் நிலையில் உருட்டியும் இழுத்துமே வலிமையூட்ட முடியும். சூடாக்கினால் அவ்வலிமை மறைந்துவிடும். காய்ச்சிய 304 எஃகுக்கு ஏஎஸ்டிஎம் தரவிதி கோரும் குறைந்த அளவு இளகு வலிமை 205 மெகாபாஸ்கல் மட்டுமே. சேலம் உருக்காலை போன்ற குளிர் உருட்டாலைகளில் தகடு உருட்டப்பட்டபின் காய்ச்சப்படுவதும், அமிலத்தில் தூய்மைப்படுத்தப்படுவதும், இழந்த நெகிழ்தன்மையையும் சீரான மேற்பரப்பையும் மீட்பதற்கேயாகும். வெப்பநிலையோ நேரமோ மிகுந்தால் துகள்கள் பருத்து வலிமை மேலும் குறையும். தடித்த பாகங்களில் மேற்பரப்பு விரைந்து குளிர்ந்தாலும் நடுப்பகுதி மெதுவாகவே குளிரும் என்பதும் கருத்தில் கொள்ளத்தக்கது.

3.3 பழக்கத்தால் நேரும் பிழை

கார்பன் எஃகுக் கலன்களைப் பற்றவைத்தபின், உள்ளே எஞ்சும் தகைவைத் தணிக்க 600 முதல் 650 °செ வரை சூடாக்குவது பட்டறைகளில் நிலைபெற்ற நல்ல வழக்கம். அதே வழக்கத்தைச் சிந்தியாமல் 304 கலனுக்குப் பயன்படுத்தினால், பற்றவைப்புக்கு அருகில் மட்டும் ஏற்பட்டிருக்கக்கூடிய உணர்வூட்டம் கலன் முழுவதற்கும் பரவுகிறது. தகைவு தணிந்த அக்கலன் வலிமைச் சோதனையில் தேறும். அமிலச் சூழலில் தோற்கும். ஓர் எஃகுக்கு மருந்தாகும் வெப்பநிலை மற்றோர் எஃகுக்கு நஞ்சாகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

3.4 கலப்பை மாற்றும் வழிகள்

பெரிய கலன்களைப் பற்றவைத்தபின் முழுமையாகக் கரைசல் காய்ச்சலுக்கு உட்படுத்துவது பெரும்பாலும் இயலாது. எனவே எஃகின் கலப்பிலேயே தீர்வு தேடப்பட்டது. முதல் வழி, கார்பனைக் குறைப்பது. 304எல், 316எல் வகைகளில் கார்பன் 0.03 விழுக்காட்டைத் தாண்டாது. ஆனால் கார்பன் வலிமைக்கும் உதவுவதால், 304எல் எஃகின் குறைந்த அளவு இளகு வலிமை 170 மெகாபாஸ்கலாகத் தாழ்கிறது.

இரண்டாம் வழி, குரோமியத்தைவிடக் கார்பனை வலுவாகப் பிணைக்கும் தனிமங்களைச் சேர்ப்பது. 321 வகையில் டைட்டானியமும் 347 வகையில் நியோபியமும் இப்பணியைச் செய்கின்றன. இவ்வழியும் குறையற்றதன்று. பற்றவைப்பை ஒட்டிய மிக வெப்பமான பகுதியில் டைட்டானியக் கார்பைடு கரைந்துவிடும். பின்னர் அப்பகுதி உணர்வூட்ட நெடுக்கத்திற்குச் சூடேறினால் குரோமியக் கார்பைடே முந்திக்கொள்ளும். கத்தியால் கீறியதுபோல மெல்லிய கோடாக அரிமானம் தோன்றும். இதைத் தவிர்க்க 870 முதல் 900 °செ வரை நிலைப்படுத்தும் காய்ச்சல் மேற்கொள்ளப்படுகிறது.

மூன்றாம் வழி, குறைந்த கார்பனால் இழந்த வலிமையை நைட்ரஜனால் ஈடுசெய்வது. நைட்ரஜனும் இடைவெளியில் புகும் அணுவே. எனினும் அளவோடு சேர்க்கப்படும்போது அது கார்பைடு வீழ்படிவைத் தாமதப்படுத்தி, வலிமையையும் உயர்த்துகிறது. 316எல்என் வகையின் குறைந்த அளவு இளகு வலிமை மீண்டும் 205 மெகாபாஸ்கலை எட்டுகிறது. கல்பாக்கத்தில் அமைந்த முன்மாதிரி வேக ஈனுலையின் முதன்மைக் கலனுக்கு 316எல்என் தேர்ந்தெடுக்கப்பட்டது இவ்வகையில் கருதத்தக்கது. கரைசல் காய்ச்சலுக்கு உட்படுத்த இயலாத பேரளவுக் கலனில் பற்றவைப்புப் பகுதியின் காப்பும் வெப்பநிலை வலிமையும் ஒருங்கே தேவைப்படுகின்றன.

4. மார்ட்டென்சைட் வகை எஃகு

ஆஸ்டெனைட் வகையில் கார்பன் வேண்டாத விருந்தாளி. மார்ட்டென்சைட் வகையிலோ அதுவே கடினத்தன்மைக்கு மூலம். வெட்டுக் கருவிகளுக்கும் அறுவைக் கருவிகளுக்கும் பயன்படும் 420 வகை இதற்கு எடுத்துக்காட்டு. இவ்வகையின் முன்னோடி, 1913-ஆம் ஆண்டு ஷெஃபீல்டில் ஹாரி பிரேர்லி உருக்கிய எஃகு. அதில் 12.8 விழுக்காடு குரோமியமும் 0.24 விழுக்காடு கார்பனும் இருந்தன.

முன்னர்க் கண்ட கணக்கை இவ்வெஃகுக்கும் பொருத்தலாம். காய்ச்சி மெதுவாக ஆற்றிய நிலையில் 0.24 விழுக்காடு கார்பன் முழுவதும் கார்பைடானால், ஏறத்தாழ 4 விழுக்காடு குரோமியம் செலவாகும். கரைசலில் எஞ்சுவது 8.8 விழுக்காடு, இது காப்புப் படலத்திற்குத் தேவையான அளவினும் குறைவு. 304 எஃகில் இழப்பு எல்லையோரத்தில் மட்டும் இருந்தது. இங்கோ எஃகின் சராசரியே தாழ்ந்துவிடுகிறது. மென்மையான நிலையில் வாங்கிய 420 எஃகைக் கடினமாக்காமல் பயன்படுத்தினால் விரைவில் துருவேறுவதற்கு இதுவே காரணம்.

இவ்வெஃகை 980 முதல் 1050 °செ வரை சூடாக்கினால் கார்பைடில் பெரும்பகுதி கரைகிறது. எண்ணெயிலோ காற்றிலோ குளிர்வித்தால் கார்பனும் குரோமியமும் கரைசலில் சிறைப்படுகின்றன. சிறைப்பட்ட கார்பன் அணிக்கோவையைத் திரித்து மார்ட்டென்சைட்டைக் கடினமாக்குகிறது. கரைந்த குரோமியம் காப்புப் படலத்தை வளர்க்கிறது. ஒரே செயலால் வலிமையும் அரிமான எதிர்ப்பும் உயரும் இடம் இதுவாகும்.

கடினமாக்கிய எஃகு நொறுங்கும் தன்மையது. ஆகவே மீண்டும் மிதமாகச் சூடாக்கிப் பதம் தணிக்க வேண்டும். இப்பதந்தணிப்பு 150 முதல் 370 °செ வரை அமைந்தால் ராக்வெல் சி அளவுகோலில் 50 அளவிலான கடினத்தன்மையும் நல்ல அரிமான எதிர்ப்பும் நிலைக்கின்றன. ஏறத்தாழ 425 முதல் 600 °செ வரையிலான நெடுக்கத்தில் நுண்ணிய குரோமியக் கார்பைடுகள் வீழ்படிகின்றன. இந்நெடுக்கத்தின் தொடக்கத்தில் கடினத்தன்மை குறையாமல் நிற்பதால், கடினத்தன்மையை மட்டும் அளப்பவர் ஏமாறக்கூடும். முறிவெதிர்ப்பும் அரிமான எதிர்ப்பும் அதே நெடுக்கத்தில் சரிகின்றன. கருவி கூர்மையாக இருந்தும், கழுவி வைத்த மறுநாள் புள்ளிப் புள்ளியாகத் துருக் காண்பது இப்பிழையின் விளைவாக இருக்கலாம்.

5. வீழ்படிவுக் கடினமாக்க எஃகு

கார்பனை நம்பாமல் வலிமை பெறும் முயற்சியின் பயன் 17-4பிஎச் வகை எஃகு. பெயர் குறிப்பதுபோல் அதில் ஏறத்தாழ 17 விழுக்காடு குரோமியமும் 4 விழுக்காடு நிக்கலும் உண்டு. வலிமைக்குக் காரணமான செம்பும் 3 முதல் 5 விழுக்காடு வரை உண்டு. ஏறத்தாழ 1040 °செ வெப்பநிலையில் கரைசல் காய்ச்சல் செய்து குளிர்வித்தால் கார்பன் குறைந்த மார்ட்டென்சைட் உருவாகிறது. பின்னர் 480 முதல் 620 °செ வரை முதிர்வித்தால் செம்பு மிகுந்த நுண்துகள்கள் வீழ்படிந்து வலிமையூட்டுகின்றன. வீழ்படிவது செம்பாதலால் குரோமியம் பெரிதும் கரைசலிலேயே தங்குகிறது.

எனினும் தேர்வு இங்கும் உண்டு. 482 °செ வெப்பநிலையில் ஒரு மணி நேரம் முதிர்விக்கும் எச்900 நிலையில் குறைந்த அளவு இழுவலிமை 1310 மெகாபாஸ்கல். 621 °செ வெப்பநிலையில் நான்கு மணி நேரம் முதிர்விக்கும் எச்1150 நிலையில் அது 930 மெகாபாஸ்கலாகக் குறைகிறது. ஆனால் உச்ச வலிமை பெற்ற எச்900 நிலை, குளோரைடு சூழலில் தகைவு அரிமான வெடிப்புக்கு எளிதில் இரையாகிறது. ஹைட்ரஜனால் நொறுங்கும் இயல்பும் அந்நிலையில் மிகுதி. எனவே கடல்சார் பாகங்களுக்கு வலிமையில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து எச்1025 அல்லது அதற்கு மேற்பட்ட நிலை பரிந்துரைக்கப்படுகிறது.

6. டூப்ளெக்ஸ் எஃகு

ஃபெரைட்டும் ஆஸ்டெனைட்டும் ஏறத்தாழச் சரிபாதியாகக் கலந்த 2205 வகையின் குறைந்த அளவு இளகு வலிமை 450 மெகாபாஸ்கல். அதாவது 304 எஃகைப் போல் இருமடங்குக்கும் மேல். குளோரைடு சூழலைத் தாங்கும் திறனும் அதற்கு அதிகம். இச்சிறப்பு வெப்ப நெடுக்கங்களில் கவனமின்மையை மன்னிப்பதில்லை. 600 முதல் 1000 °செ வரை தங்கினால், குறிப்பாக 850 °செ அளவில், குரோமியமும் மாலிப்டினமும் மிகுந்த சிக்மா கட்டம் தோன்றுகிறது. அது நொறுங்கும் தன்மையது. தன்னைச் சூழ்ந்த பகுதியின் குரோமியத்தையும் மாலிப்டினத்தையும் உறிஞ்சிக்கொள்வது. இங்குக் குரோமியத்தைக் கவர்வது கார்பன் அன்று. குரோமியமே தனக்கென வேறொரு கட்டத்தை அமைத்துக்கொள்கிறது. 475 °செ அளவில் ஃபெரைட்டு குரோமியம் மிகுந்த பகுதியாகவும் குறைந்த பகுதியாகவும் பிரிந்து நொறுங்குவது மற்றோர் ஆபத்து. ஆகவே இவ்வெஃகு 1020 முதல் 1100 °செ வரை சூடாக்கப்பட்டு நீரில் குளிர்விக்கப்படுகிறது. பற்றவைப்பில் குளிர்ச்சி அளவுக்கு மீறி விரைந்தாலும் ஃபெரைட்டு மிகுந்து குரோமிய நைட்ரைடு வீழ்படியும் என்பதால், இருபுறமும் எல்லை வகுக்க வேண்டியுள்ளது.

7. வகைவாரி ஒப்பீடு

| எஃகு வகை | உரிய வெப்பப் பதப்படுத்தல் | தவிர்க்க வேண்டிய நெடுக்கம் | நேரும் கேடு |
|---|---|---|---|
| 304, 316 | 1010–1120 °செ, விரைந்த குளிர்விப்பு | 450–850 °செ | துகளிடை அரிமானம் |
| 420 | 980–1050 °செ, எண்ணெய் அல்லது காற்று. 150–370 °செ பதந்தணிப்பு | 425–600 °செ | முறிவெதிர்ப்பும் அரிமான எதிர்ப்பும் குறைதல் |
| 17-4பிஎச் | 1040 °செ. பின்னர் 480–620 °செ முதிர்விப்பு | குளோரைடு சூழலுக்கு எச்900 நிலை | தகைவு அரிமான வெடிப்பு |
| 2205 | 1020–1100 °செ, நீர்க் குளிர்விப்பு | 600–1000 °செ, 475 °செ அளவு | சிக்மா கட்டம், நொறுங்குதல் |

8. சோதனையும் சான்றும்

உணர்வூட்டத்தைக் கண்டறிய ஏஎஸ்டிஎம் ஏ262 தரவிதி பல முறைகளை வகுத்துள்ளது. 10 விழுக்காடு ஆக்சாலிக் அமிலத்தில் மின்னோட்டம் செலுத்தி மேற்பரப்பை அரிக்கச் செய்து, நுண்ணோக்கியில் காண்பது முதற்கட்ட முறை. துகள்களுக்கு இடையே படிபோன்ற தோற்றம் இருந்தால் எஃகு ஏற்கத்தக்கது. துகள்கள் பள்ளங்களால் முழுவதும் சூழப்பட்டிருந்தால் மேற்சோதனை தேவை. செம்புச் சல்பேட்டு கலந்த கந்தக அமிலத்தில் கொதிக்கவைத்தபின் மாதிரியை வளைத்து வெடிப்பு தோன்றுகிறதா எனக் காண்பது ஒரு மேற்சோதனை. 65 விழுக்காடு நைட்ரிக் அமிலத்தில் 48 மணி நேரம் வீதம் ஐந்து முறை கொதிக்கவைத்து எடையிழப்பை அளப்பது மற்றொன்று. இவற்றுள் முதல் முறை சில நிமிடங்களில் முடிவது. இறுதி முறைக்குக் கொதிநேரம் மட்டுமே 240 மணி ஆகும். இந்நேரச் செலவே இச்சோதனைகள் விடுபடுவதற்கு ஒரு காரணமாகிறது.

பற்றவைப்பை ஒட்டித் தோன்றும் நீல, பழுப்பு நிறப் படலமும் கவனத்திற்குரியது. அதன் அடியில் குரோமியம் குறைந்த மெல்லிய அடுக்கு உண்டு. நைட்ரிக், ஹைட்ரோஃபுளூரிக் அமிலக் கலவையால் படலத்துடன் அவ்வடுக்கையும் நீக்கினால்தான் மேற்பரப்பு தன் காப்பைத் திரும்பப் பெறும்.

9. முடிவுரை

மேற்கண்ட நான்கு வகைகளும் ஒரே கருத்தை வெவ்வேறு முறையில் உணர்த்துகின்றன. எஃகைக் காப்பது கரைசலில் உள்ள குரோமியமே. 304 எஃகில் கார்பனை அடக்குவதாலும், 420 எஃகில் அதைக் கரைத்துச் சிறைப்படுத்துவதாலும், 17-4பிஎச் எஃகில் வலிமையூட்டும் பணியைச் செம்பிடம் ஒப்படைப்பதாலும் குரோமியம் காக்கப்படுகிறது. 2205 எஃகில் கட்டங்களின் சமநிலையைக் குலையாமல் பேணுவது அப்பணியைச் செய்கிறது. வலிமையும் அரிமான எதிர்ப்பும் இயல்பிலேயே பகையானவை அல்ல. குரோமியத்தை எவ்விடத்தில் நிறுத்துகிறோம் என்பதே அவற்றின் உறவைத் தீர்மானிக்கிறது.

இதிலிருந்து நடைமுறைக்குரிய முடிவு ஒன்று பெறப்படுகிறது. வேதியியல் கலப்பும் இழுவலிமையும் கடினத்தன்மையும் குறித்த சான்றிதழ், எஃகு எவ்வெப்பநிலையில் எவ்வளவு நேரம் இருந்தது என்பதைச் சொல்வதில்லை. அரிமானச் சூழலுக்குச் செல்லும் ஒவ்வொரு கலனுக்கும் வெப்பநிலை–நேரப் பதிவும், குறைந்தது ஆக்சாலிக் அமிலச் சோதனையின் முடிவும் ஏற்புச் சான்றின் பகுதியாக வேண்டும். சில நிமிடங்களில் முடியும் அச்சோதனை, கசிவு நேர்ந்தபின் மேற்கொள்ளும் ஆய்வைவிட மிகக் குறைந்த செலவில் உண்மையைச் சொல்லிவிடும்.